பயணத்தில் இருக்கிற தாத்தா

போன வருஷம் கல்லறைத் திருநாளன்று வண்டன்மேட்டு மாதா கோயிலில் பாதிப் பூசையில் அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். சாமியார் இறந்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டே வந்தார். நடுவில் அம்மாவின் அப்பா பெயரும் வந்தது. அதைக் கொடுத்தவர் என் தாய்மாமன், அம்மாவின் ஒரே அண்ணன். முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்தப் பெயர் இறந்தவர்களோடு சேர்ந்ததே இல்லை. நோயாளிகளுக்காகவும் பயணத்தில் இருப்பவர்களுக்காகவும் வேண்டிக்கொள்வார்களே, அந்த இடத்தில்தான் அம்மா அதைச் சொல்ல வைப்பாள். என் தாத்தா பயணத்தில் இருந்தார். இலங்கையிலிருந்து வந்துகொண்டே இருந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். கோயில் வாசலில் அண்ணனுக்கும் தங்கைக்கும் சரியான சண்டை. மாமா சொன்னதிலும் நியாயம் இருந்தது. தாத்தா உயிரோடு இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார், இலங்கையில் சண்டை முடிந்தே எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, வருகிறவர் வந்திருக்க மாட்டாரா என்றார். தனக்கும் வயசாகிறது, தன் காலத்துக்குள் அப்பாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட வேண்டும் என்றார். அம்மா கேட்கிற ஆளா? சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"யாரு பாத்தாக? செத்ததைக் கண்ணால பாத்தவுக ஒருத்தர் வந்து எங்கிட்டச் சொல்லட்டும். நானே மெழுகுவத்தி வாங்குதேன்."

அத்தோடு பேச்சு நின்றது. மாமா வீட்டில் சமைத்து வைத்திருந்த சோற்றைக்கூடச் சாப்பிடாமல் பஸ் ஏறினோம். கம்பம், தேனி, திண்டுக்கல், பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டுதான் கேரளாவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வர வேண்டும். பழனி தாண்டியதும் அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் தேடித் தேடி எடுத்துக் கொடுக்கிறாயே, எங்கப்பாவைத் தேட மாட்டாயா என்றாள்.

கேரள எல்லையோரத்தில் எருத்தேன்பதிப் பக்கம் ஒரு ஆன்லைன் கடையில் எனக்கு வேலை. வாரிசுச் சான்றிதழ், நிலவரி, பென்ஷன் என்று எல்லைக்கு இந்தப் பக்கம் மலையாளத்திலும் அந்தப் பக்கம் தமிழிலும் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் செத்தவரைக்கூடக் கொண்டுவந்து நிறுத்திவிடுவேன் என்று அம்மாவுக்கு நினைப்பு. சரி, பார்க்கலாம் என்று சொல்லித் தொலைத்தேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கவே கூடாது.

தாத்தாவின் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம். அங்கே பிறந்து வளர்ந்தவர்களையே பிறகு இந்தியாவுக்குப் போ என்று கப்பலேற்றினார்கள். மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் காகிதம் வந்தது, தாத்தாவுக்கு வரவில்லை. அடுத்த கப்பலில் வருகிறேன் என்று துறைமுகத்தில் நின்று கைகாட்டினார். இவர்கள் சொந்தக்காரர் பின்னால் வண்டன்மேட்டு ஏலக்காய் மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் அங்கே நடந்த கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி வன்னிக்குப் போனார், லாரி ஓட்டினார். அப்புறம் இயக்கத்துக்கு லாரி ஓட்டினார். துப்பாக்கியும் தூக்கினார் என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு பேச்சுமூச்சில்லை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் அப்பாவின் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்பாரு என்போம். அப்பாரு பட்டாளத்துக்காரர். இங்கிருந்து அமைதி காக்க இலங்கைக்குப் போன பட்டாளத்தில் அவரும் போனார். அமைதி காக்கப் போனவர்கள் இயக்கத்தோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஆக, என்னுடைய ஒரு தாத்தா சுட்ட பக்கத்தில் இன்னொரு தாத்தா நின்றிருக்கிறார். ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தும்போதுகூட எனக்கு இந்த நினைப்பு வரும், இரண்டு பேரும் உள்ளே சண்டை போடாமல் இருக்கிறார்களா என்று.

வீட்டில் இலங்கைப் பேச்சு கிடையாது. டிவியில் வந்தால் யார் கையில் ரிமோட் இருக்கிறதோ அவர்கள் மாற்றிவிட வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அதற்காக அம்மாவுக்கும் அப்பாருக்கும் ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. அம்மாவுக்கு அவர் சாமி. அப்பா ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு எழுத வண்டன்மேட்டுக்குப் போன இடத்தில் அம்மாவைப் பார்த்து ஆசைப்பட்டு ஊருக்கு வந்து சொன்னபோது, பங்காளிகள் எல்லோரும் குதித்தார்கள். வேற ஜாதி, வேற மதம், தகப்பன் எங்கே என்றே தெரியாத பெண். மீசையை முறுக்கிக்கொண்டு முதலில் அரிவாளை எடுப்பார் என்று எல்லோரும் நினைத்த அப்பாரு, "அந்தப் புள்ளை நம்மூட்டுக்கு வரட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் தன் மொபெட்டில் கோயிலுக்குக் கூட்டிப்போய், பூசை முடிகிறவரை வெளியே புளியமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டு நிற்பார். பெற்ற அப்பன் செய்யாததை மாமனார் செய்தாக என்று அம்மா சொல்லாத நாளில்லை.

அப்பா நெஞ்சுவலியில் போய் ஆறேழு வருஷமாகிறது. இப்போது வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அப்பாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை வரவில்லை, இடது கை நடுங்குகிறது. ரசத்தில் குழையப் பிசைந்து அம்மாதான் ஊட்டுகிறாள்.

தேடல் எப்படி நடந்தது என்று நீட்டி முழக்க எனக்குப் பொறுமையில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டேன். கனடாவில் இருப்பவர், பாரிஸில் இருப்பவர் என்று ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள். தாத்தாவின் பெயர், பிறந்த தோட்டம், ஓட்டிய லாரி என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஒப்பித்தேன். கடைசியில் ஆள் எங்கே கிடைத்தார் என்றால், பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில். அகதி முகாமில் ஒரு பெரியவர். வன்னியில் தாத்தாவுக்கு அடுத்த குடிசை. தாத்தாவின் லாரியில் கிளீனராக இருந்தவர்.

ஒரு சனிக்கிழமை அம்மாவிடம் சொல்லாமல் போனேன். தகர ஷெட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தாத்தா பெயரைச் சொன்னதும் என் முகத்தை உற்றுப் பார்த்து, மூக்கு அவருடையதுதான் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் ஒரு பெயராக இருந்த மனிதருக்கு அப்போதுதான் மூக்கு வந்தது.

அவர் சொன்னது இதுதான். ஒரு நாள் காலையில் ஊருக்கு வெளியே இயக்கம் சுட்டதில் இந்தியச் சிப்பாய்கள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். கொஞ்ச நேரத்தில் பட்டாளம் ஊருக்குள் வந்தது. ஆண்களையெல்லாம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒவ்வொருவரையும் விசாரித்துச் சிலரைப் போகச் சொன்னார்கள், சிலரை டிரக்கில் ஏற்றினார்கள். இவரை விட்டுவிட்டார்கள். தாத்தாவை ஏற்றினார்கள். டிரக் எங்கே போனது, அதில் போனவர்கள் என்ன ஆனார்கள், இவருக்குத் தெரியாது. அன்று மதியமே ஊரைக் காலி செய்துகொண்டு காட்டுப்பக்கம் ஓடிவிட்டார்.

யார் விசாரித்தார்கள், அவர்களுக்குத் தமிழ் தெரியுமா என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"அவங்கட பெரியவனுக்குத் தெரியாது பிள்ளை. பக்கத்தில ஒரு தமிழ் ஆமிக்காரன் நிண்டவன். அவன்தான் கேட்டுக் கேட்டுச் சொன்னது. துவக்கை நெஞ்சில வச்சுக்கொண்டு 'ஏனுங்க, எந்தூருங்க நீங்க' எண்டு கேட்டான். அப்பிடி மரியாதையாய்க் கதைச்சு நான் ஒரு ஆமிக்காரனையும் காணேல்லை."

அவர் அதைச் சொன்ன ராகம் இருக்கிறதே, அது என் வீட்டு ராகம். காலையில் கிளம்பும்போதுகூட அதே ராகத்தில்தான் அப்பாரு என்னிடம் "எங்க அம்மிணி கெளம்பிட்டே" என்று கேட்டிருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் பட்டாளத்தில் சேர்ந்தவன் ஒருத்தன் இரண்டு பேரா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா அப்பாருக்கு முகம் துடைத்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். தாத்தாவைப் பட்டாளம் பிடித்துக்கொண்டு போனது என்று அம்மாவிடம் சொன்னால், எந்த ஊரில் என்பாள். ஊரைச் சொன்னால், உங்க அப்பாரு அந்த ஊரிலா இருந்தாக என்று கேட்பாள். சொல்லாமல் இருக்கலாம் என்றால், சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, தலை பின்னும்போது ஒரே கேள்வி, ஏதாவது தெரிஞ்சுதா. கடையில் பிறர் குடும்ப வாரிசு வரிசையை டைப் செய்யும்போதே எனக்கு மூச்சு முட்டும். மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தரிடமிருந்து ஒளிந்துகொண்டு இன்னொருத்தரோடு இருக்க முடியுமா? இருந்தேன். குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா கதவைத் தட்டி வயிறு சரியில்லையா என்று கேட்பாள்.

மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா ஆட்டோவில் கோயிலுக்குப் போன பிறகு, எனக்குத் தாங்கவில்லை. அப்பாருவின் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் இலங்கையில் எந்த ஊரிலீங்க இருந்தீங்க என்று கேட்டேன். இந்த வீட்டில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. தெரியாது, மறந்துபோச்சு என்று அவர் சொல்ல வேண்டும் என்று சத்தியமாக வேண்டிக்கொண்டுதான் கேட்டேன். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு முகாம்காரர் சொன்ன அதே ஊரைச் சொன்னார். பள்ளிக்கூடத்து மைதானம் என்றேன். திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணில் பயமில்லை. எப்போது வருமென்று காத்திருந்த பஸ் வந்த மாதிரி ஒரு பார்வை.

பக்கவாதம் வந்த வாய், மெதுவாகத்தான் சொன்னார். அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு ஆபீஸருக்கு இந்தியில் சொல்ல வேண்டும். ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டு, நான் இந்தியாக்காரன்தான் சார், எம்புள்ளைங்க கேரளாவில் வண்டன்மேட்டில் இருக்கு என்றாராம். ஆபீஸர் என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

"அன்னைக்குக் காலைலதான் என்ற கூட்டாளிக ரெண்டு பேரை வாரித் துணில கட்டியிருந்தோம். எனக்கு அந்தாளு மூஞ்சியப் பார்க்கவே புடிக்கலை. ஒண்ணுமில்லீங்க, எல்லாரும் சொல்றதுதான் சொல்றான்னு சொல்லிப்போட்டேன். நான் அதை அப்படியே சொல்லியிருந்தா எறக்கி விட்டிருப்பாங்க அம்மிணி. இந்தியாக்காரன்னு சொன்ன ரெண்டு பேரை எறக்கி விட்டாங்க."

டிரக் பாதி வழியில் இயக்கம் புதைத்து வைத்திருந்த கண்ணிவெடியில் ஏறியது. அப்பாரு பின்னால் வந்த வண்டியில் இருந்தார். சிப்பாய்களும் பிடிபட்டவர்களும் சேர்ந்தே செத்தார்கள். தாத்தாவை இறக்கிப் பாதையோரம் கிடத்தியவர்களில் அப்பாருவும் ஒருவர்.

அவர் நிறுத்தவில்லை. பென்ஷன் வாங்கி ஊருக்கு வந்ததும், அந்தக் குடும்பத்தைத் தேடி வண்டன்மேட்டுக்குப் போயிருக்கிறார். இலங்கையிலிருந்து வந்த ஆட்கள் என்று விசாரித்துக் கண்டுபிடித்தும்விட்டார். உண்மையைச் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனார். படியேறியதும், பாவாடை தாவணியில் ஒரு பெண் கட்டஞ்சாயா கொண்டுவந்து கொடுத்து, நீங்க எங்கப்பாகிட்டயிருந்து வர்றீகளா என்று கேட்டதாம். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அப்புறம் அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, தெரிந்தவரைப் பிடித்துத் தன் மகனை அங்கே ஏலக்காய் ஸ்டோரில் சேர்த்துவிட்டார். அந்த மகன் போய் அந்தப் பெண்ணையே கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றான். ஒரு டீ நேரம் இருந்துவிட்டுப் போன ஆளை அந்தப் பெண்ணுக்கு நினைவில்லை.

அட கடவுளே, எங்கள் வீட்டுக் கல்யாணக் கதையை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அப்பாருவின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் மார்பில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இத்தனை வருஷம் எப்படிங்க அம்மா கையால் சோறு தின்றீர்கள் என்று கேட்டேன். நீயே உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடு, என்னால் முடியாது என்று மட்டும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் செய்ததற்கு நான் ஏனுங்க வாயைத் திறக்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வந்துவிட்டேன் என்றால் எங்கே வருவது? சமையலறைக்குத்தான். இதற்குமேல் போக அந்த வீட்டில் இடமில்லை.

ஐப்பசி பிறந்தது. கல்லறைத் திருநாள் நெருங்கியது. மாமா வண்டன்மேட்டிலிருந்து எனக்குப் போன் செய்து, இந்த வருஷமும் பெயரைக் கொடுக்கப் போகிறேன், உங்கம்மா வந்து நின்று சண்டை போடாமல் இருந்தால் போதும் என்றார். அம்மா சமையலறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாருக்கு மத்தியானச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். போனை வைத்ததும் கேட்டாள்.

"என்னட்டி, பாத்தவுக ஒருத்தர்கூடக் கிடைக்கலையா?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"ஒருத்தர் இருக்காரும்மா. பாத்தவர்."

"உசுரோட இருக்காகளா?"

"இருக்காரு."

"எங்க?"

வாயை அடக்கத்தான் தெரிந்தது, கண்ணை அடக்கத் தெரியவில்லை. அது ஒரு நொடி அப்பாருவின் அறைப்பக்கம் போய்த் திரும்பியது. சோற்றில் இருந்த அம்மாவின் கை நின்றது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தது, நான்தான் எழுந்துபோய் அணைத்தேன்.

நான் திரும்பியதும், எங்கப்பா கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். எம்புள்ளைங்க வண்டன்மேட்டுல இருக்குன்னு சொன்னாராம் என்றேன். எங்க பேரைச் சொன்னாகளா என்றாள். தெரியலை அம்மா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். உங்க மாமனை அந்தப் பேரைக் கொடுக்கச் சொல்லு, நான் சண்டைக்கு வர மாட்டேன் என்றாள். அழவில்லை. மறுபடியும் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

நான் மீதியையும் சொல்லிவிடலாம் என்று, அம்மா, அது எப்படி நடந்ததென்றால் என்று தொடங்கினேன்.

"வேண்டாம். அதைக் கேட்டுட்டேன்னா இந்தக் கையால சோறு போட முடியாதுட்டி. போடலைன்னா இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை இருக்கு? எனக்குப் போறதுக்கு வேற வீடு எங்க இருக்கு?"

தட்டை எடுத்துக்கொண்டு அப்பாருவின் அறைக்குப் போனாள். நான் நிலைப்படியில் நின்றேன். இடையில் இருப்பது பாதிச் சுவர்தான், எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். அம்மா தலையணையை முட்டுக்கொடுத்து அவரை நிமிர்த்தி உட்கார வைத்தாள். கழுத்தில் துண்டைக் கட்டினாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவில்லை.

"அம்மிணி..." என்று அப்பாரு வாயைத் திறந்தார்.

அம்மா ஒரு உருண்டைச் சோற்றை அந்த வாயில் வைத்தாள். அவர் மென்று விழுங்கிவிட்டு மறுபடியும் ஏதோ சொல்லத் திறந்தார். அடுத்த உருண்டையை வைத்தாள். தட்டு காலியாகிறவரை அவர் திறந்துகொண்டே இருந்தார், அவள் வைத்துக்கொண்டே இருந்தாள்.